ஆராய்ச்சி உதவித் தொகையும் வாய்ப்புச் சமத்துவமும்

ஒரு நாட்டின் கல்வி வளர்ச்சியை அளக்க முற்படும்போது பள்ளிகளின் எண்ணிக்கையையும், கல்லூரிகளின் எண்ணிக்கையையும், எழுத்தறிவு பெற்றோரின் விகிதத்தையும் நாம் எடுத்துக் காட்டுகிறோம். ஆனால் அந்நாட்டில் புதிய அறிவைத் தேடி ஆக்குவோர் யார், அவர்கள் எத்தகைய குடும்பங்களிலிருந்து வருகின்றனர் என்னும் கேள்வி அடிக்கடி எழுப்பப்படுவதில்லை. பட்டப் படிப்பு ஒருவருக்கு வேலை வாய்ப்பைத் தருகிறது. ஆராய்ச்சிப் பட்டமோ நாளைய ஆசிரியர்களையும், அறிவியலாளர்களையும், கொள்கை வகுப்போரையும் உருவாக்குகிறது. ஆகவே ஆராய்ச்சியின் வாயிலில் நுழைவோர் யார் என்பதைப் பொறுத்தே, அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு வகுப்பறையில் நின்று கற்பிப்போர் யார் என்பதும் அமைகிறது.

2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர் கல்வி ஆய்வின்படி, உயர் கல்வியில் சேர்ந்திருந்தோர் ஏறத்தாழ 4.33 கோடிப் பேர். இவர்களில் முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டிருந்தோர் 2.12 லட்சம் பேர். அதாவது உயர் கல்வி பயில்வோர் இருநூறு பேரில் ஒருவரே ஆராய்ச்சி மாணவர். 2014-15-இல் இவ்வெண்ணிக்கை 1.17 லட்சமாக இருந்தது. அதே ஏழாண்டுக் காலத்தில் ஆராய்ச்சியில் ஈடுபட்ட பெண்களின் தொகை 48 ஆயிரத்திலிருந்து 99 ஆயிரமாக உயர்ந்தது. இவ்வளர்ச்சி மகிழ்ச்சி தருவதே. ஆயினும், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இடையில் நின்றுவிடாமல் கரை சேருகின்றனர் என்பது, பெரும்பாலும் அவர்களுக்கு மாதந்தோறும் கிடைக்கும் ஒரு தொகையைப் பொறுத்திருக்கிறது. அத்தொகையே ஆராய்ச்சி உதவித் தொகை எனப்படுவது. அதன் வரலாற்றையும், நடைமுறையையும், குறை நிறைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

இரு வாழ்க்கைகள் தரும் பாடம்

உதவித் தொகையின் ஆற்றலை விளக்க, நம் நாட்டு வரலாற்றிலிருந்தே இரு சான்றுகளைக் காட்டலாம்.

1913-ஆம் ஆண்டில் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெயிக்வாட், பம்பாயில் பட்டம் பெற்ற ஓர் இளைஞருக்கு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் பயில உதவித் தொகை வழங்கினார். மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு அத்தொகை அளிக்கப்பட்டது. படிப்பு முடிந்த பின் பத்தாண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அந்த இளைஞரே டாக்டர் பி. ஆர். அம்பேத்கர். 1915-இல் அவர் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916-இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் உதவித் தொகையின் காலம் முடிவுற்றதால் 1917-இல், ஆய்வு நிறைவுறாத நிலையிலேயே தாயகம் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் பணியேற்கச் சென்றவருக்குச் சாதியின் காரணமாகத் தங்க இடமும் கிடைக்கவில்லை.

பின்னர் அவர் பம்பாயில் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேமித்த பணத்தோடும், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் அளித்த உதவியோடும், நண்பர் ஒருவர் தந்த கடனோடும் 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். அவர் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று இலண்டன் பல்கலைக் கழகம் முன்னரே இசைவு அளித்திருந்தது. 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். ரூபாய் நாணயத்தின் சிக்கல் குறித்த அவருடைய ஆய்வு அவ்வாண்டிலேயே நூலாக வெளிவந்தது.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டியவை மூன்று. முதலாவது, உதவித் தொகை இல்லையேல் அப்பயணம் தொடங்கியே இராது. இரண்டாவது, தொகை நின்றபோது ஆய்வும் நின்றது, மூன்றாண்டுகள் வீணாயின. மூன்றாவது, பல்கலைக் கழகம் இடத்தைக் காத்து வைத்திருந்தமையால்தான் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. பணம், தொடர்ச்சி, நிறுவனத்தின் நல்லெண்ணம் என்னும் இம்மூன்றும் ஒருங்கே அமையும்போதுதான் உதவித் தொகை தன் பயனைத் தருகிறது.

இரண்டாவது சான்று ஒரு பெண்மணியுடையது. 1897-இல் தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் பயின்று, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் ஈ. கே. ஜானகி அம்மாள். ஆசிய நாட்டுப் பெண்களின் உயர் கல்விக்கென 1917-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் நிறுவப்பட்ட பார்பர் உதவித் தொகையைப் பெற்று அவர் அங்குச் சென்றார். 1931-இல் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்க் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் கலப்பினங்கள் பற்றி ஆராய்ந்தார். சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து அவர் உருவாக்கிய, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்கள் பற்றிய நூல் 1945-இல் வெளிவந்தது. பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். பெண்கள் பள்ளி இறுதி வகுப்பை எட்டுவதே அரிதாயிருந்த காலத்தில், தொலைதூரப் பல்கலைக் கழகம் ஒன்று வைத்திருந்த சிறு நிதி, நம் நாட்டிற்கு ஓர் ஒப்பற்ற அறிவியலாளரை அளித்தது.

தனி நபர் கொடையிலிருந்து அரசின் கடமைக்கு

மேற்கூறிய இரு உதவிகளும் ஒரு மன்னரின் பெருந்தன்மையாலும், ஒரு கொடையாளரின் நன்னோக்காலும் கிடைத்தவை. அத்தகைய நல்வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதன்று. ஆகவேதான் அது அரசின் கடமையாக மாற வேண்டியிருந்தது.

தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் பள்ளி இறுதிக்குப் பின் பயில்வதற்கான மைய அரசின் உதவித் தொகைத் திட்டம் 1944-இல் தொடங்கப்பட்டது. அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்தவர் டாக்டர் அம்பேத்கரே என்பது குறிப்பிடத்தக்கது. உதவித் தொகை பெற்றுப் படித்தவர், பிறருக்கு அவ்வாய்ப்பைப் பெற்றுத் தரும் நிலைக்கு உயர்ந்தார். 1948-49-இல் இத்திட்டம் பழங்குடியினருக்கும் விரிவாக்கப்பட்டது. அரசியல் அமைப்புச் சட்டத்தின் 46-வது பிரிவு, நலிந்த பிரிவினரின், குறிப்பாகத் தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர் ஆகியோரின் கல்வி நலன்களைத் தனிக் கவனத்துடன் வளர்ப்பது அரசின் பொறுப்பு என்று வகுத்துரைத்தது. 1951-இல் நிறைவேறிய முதல் திருத்தம், கல்வியில் பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடுகள் செய்ய வழிவகுத்தது. அத்திருத்தத்திற்குக் காரணமாக அமைந்தவற்றுள் சென்னை மாகாணத்தில் எழுந்த ஒரு வழக்கும் உண்டு என்பதை வாசகர்கள் அறிவர்.

வெளிநாட்டில் உயர் கல்வி பெறுவதற்கான தேசிய உதவித் தொகைத் திட்டம் 1954-55 முதல் நடைமுறையில் உள்ளது. பல்கலைக் கழக மானியக் குழு 1953-இல் அமைக்கப்பட்டு, 1956-இல் சட்டபூர்வமான தகுதி பெற்றது. இளநிலை ஆராய்ச்சி உதவித் தொகைக்குத் தேர்வானோரைப் பல்கலைக் கழகங்களே தெரிவு செய்து வந்த நிலை மாறி, 1984 முதல் தேசிய அளவிலான தேர்வு நடைபெறத் தொடங்கியது. விரிவுரையாளர் தகுதியையும் உதவித் தொகையையும் ஒருங்கிணைத்த முதல் தேசியத் தகுதித் தேர்வு 1989 டிசம்பரிலும் 1990 மார்ச்சிலும் இரு பகுதிகளாக நடத்தப்பட்டது. 2018 டிசம்பர் முதல் இத்தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்தி வருகிறது.

பல பிரிவினர், பல திட்டங்கள்

பொதுத் தேர்வு ஒன்று மட்டும் போதாது என்பது விரைவிலேயே உணரப்பட்டது. 2005-06-இல் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் இராஜீவ் காந்தி தேசிய ஆராய்ச்சி உதவித் தொகை தொடங்கப்பட்டது. பின்னர் இது தேசிய உதவித் தொகை என்னும் பெயரில் தனித்தனித் திட்டங்களாயிற்று. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு ஆண்டுதோறும் 2,000 புதிய இடங்களும், பழங்குடியினருக்கு 750 இடங்களும் வகுக்கப்பட்டன. மாற்றுத் திறனாளிகளுக்கான திட்டம் 2012-13-இல் 200 இடங்களுடன் வந்தது. பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான திட்டம் 2014-15-இல் 300 இடங்களுடன் தொடங்கிப் பின்னர் 1,000 இடங்களாக விரிந்தது.

முஸ்லிம், கிறித்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, சமணர் ஆகிய சிறுபான்மையினருக்கென 2009-10-இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய உதவித் தொகை, 2022-23 முதல் புதியவர்களுக்கு வழங்கப்படுவதில்லை. பிற திட்டங்களுடன் இது மேற்பொருந்துகிறது என்பது நாடாளுமன்றத்தில் அரசு கூறிய காரணம். ஏற்கெனவே பெற்று வந்தோருக்குத் தொடர்ந்து வழங்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. பிற திட்டங்களில் இடம் பெறாத பிரிவைச் சேர்ந்த சிறுபான்மை மாணவர்களுக்கு இதனால் ஒரு வாயில் அடைபட்டது என்னும் கருத்தும் அப்போது வலியுறுத்தப்பட்டது.

பெண்களைப் பொறுத்தவரை, திருமணத்தாலோ மகப்பேற்றாலோ ஆய்வை இடையில் நிறுத்தியவர்கள் மீண்டும் வருவதற்கென அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-இல் தொடங்கிய பெண் அறிவியலாளர் திட்டம் ஒரு முன்னோடி எனலாம். ஒரே பெண் குழந்தையாகப் பிறந்தோருக்கான சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே உதவித் தொகையை 2022-இல் மானியக் குழு அறிவித்தது. மாநில அரசுகளும் தம் பங்கிற்குச் சில ஏற்பாடுகளைச் செய்துள்ளன. மகாராஷ்டிரத்தில் பார்ட்டி, சார்த்தி, மஹாஜோதி ஆகிய நிறுவனங்கள் வெவ்வேறு சமூகப் பிரிவினருக்கு ஆராய்ச்சி உதவி வழங்குகின்றன. தமிழ்நாட்டிலும் முழு நேர ஆய்வில் ஈடுபடும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு ஊக்கத் தொகை அளிக்கப்படுகிறது.

தொகை எவ்வளவு?

இளநிலை ஆராய்ச்சி உதவித் தொகை 2014-இன் இறுதியில் மாதம் ரூ.25,000 ஆகவும், 2019 ஜனவரி முதல் ரூ.31,000 ஆகவும், 2023 ஜனவரி முதல் ரூ.37,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. இரண்டாண்டுகளுக்குப் பின், வெளி நிபுணர் ஒருவரும் இடம்பெறும் குழு ஆய்வின் முன்னேற்றத்தை மதிப்பிடும். நிறைவளித்தால் முதுநிலைத் தொகையாக மாதம் ரூ.42,000 வழங்கப்படும். இதனுடன் வீட்டு வாடகைப் படியும், நூல்கள், பயணம் முதலியவற்றிற்கான சில்லறைச் செலவு மானியமும் உண்டு.

ஐந்தாண்டுக் கணக்கைப் பார்ப்போம். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ரூ.8,88,000, அடுத்த மூன்றாண்டுகளுக்கு ரூ.15,12,000; ஆக மொத்தம் ரூ.24 லட்சம். 2,000 பேர் கொண்ட ஓர் அணிக்கு ஐந்தாண்டுகளில் ஆகும் செலவு, படிகள் நீங்கலாக, ரூ.480 கோடி. ஒரு தலைமுறை ஆசிரியர்களையும் ஆய்வாளர்களையும் உருவாக்கும் முதலீடாக இதனைக் கருதினால், இது பெருந்தொகை அன்று.

ஆனால் எல்லா ஆராய்ச்சி மாணவர்களும் இத்தொகையைப் பெறுவதில்லை. மையப் பல்கலைக் கழகங்களில் தகுதித் தேர்வின் வழி உதவித் தொகை பெறாத முனைவர் பட்ட மாணவர்களுக்கு மாதம் ரூ.8,000 வழங்கப்பட்டு வருகிறது. 2015 அக்டோபரில் இதனை நிறுத்த முடிவு செய்யப்பட்டபோது மாணவர்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது; முடிவு கைவிடப்பட்டது. எனினும் இளநிலைத் தொகை மும்முறை உயர்ந்த காலத்தில் இந்த ரூ.8,000 உயரவில்லை. மறுபுறம் 2018-இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் ஆராய்ச்சி உதவித் தொகை, முதலிரு ஆண்டுகளில் மாதம் ரூ.70,000, மூன்றாம் ஆண்டில் ரூ.75,000, அடுத்த ஈராண்டுகளில் ரூ.80,000 என அமைக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் இது ரூ.45 லட்சமாகும். அறிவுத் திறத்திற்கு மதிப்பளிப்பது தேவையே. ஆயினும் ஒரே நாட்டில், ஒரே பட்டத்திற்காக உழைக்கும் இருவருள் ஒருவர் பெறுவது மற்றவர் பெறுவதைப்போல் எட்டு ஒன்பது மடங்கு என்னும்போது, குறைவாகப் பெறுபவர் எத்தகைய குடும்பத்தைச் சார்ந்தவர் என்பதைக் கருதாமல் இருக்க முடியாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ரூ.8,000 கைச்செலவுக்கு ஆகும். வசதியற்றவருக்கோ அதுவே உணவும், உறைவிடமும், வீட்டிற்கு அனுப்பும் பணமும் ஆகிறது.

ஒரு மாணவியின் கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் பழங்குடி மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்து கொள்வோம். வீட்டில் பேசுவது ஒரு மொழி. பள்ளியில் பயின்றது ஒடியா. பல்கலைக் கழகத்தில் எதிர்ப்படுவது ஆங்கிலம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவள் அவளே. முதுகலை முடித்தவுடன் ஆசிரியப் பணிக்கோ எழுத்தர் பணிக்கோ சென்றால் வீட்டிற்கு உடனே வருமானம் கிடைக்கும். ஆராய்ச்சிக்குச் சென்றால் ஐந்தாறு ஆண்டுகள் அந்த வருமானத்தை வீடு இழக்கிறது. இளைய தம்பியின் படிப்பும், தாயின் மருத்துவச் செலவும் காத்திருக்கின்றன. ஆகவே அவள் கையில் வரும் உதவித் தொகை உண்மையில் காலத்தையே விலைக்கு வாங்கித் தருகிறது. வேலைக்குப் போ என்று வற்புறுத்தும் வறுமையிடமிருந்து, படிப்பதற்கும் சிந்திப்பதற்கும் ஐந்தாண்டுகளை அது மீட்டுத் தருகிறது.

இப்போது அத்தொகை ஆறு மாதங்கள் வரவில்லை என்று கொள்வோம். கணக்கேட்டில் அது ரூ.2,22,000 நிலுவை மட்டுமே. என்றேனும் ஒரு நாள் மொத்தமாக வந்து சேரும். ஆனால் அவளுடைய வாழ்வில் நிகழ்வது வேறு. விடுதியின் உணவுக் கட்டணம் பாக்கி நிற்கிறது. களப்பணிக்குச் செல்ல வேண்டிய பருவம் தவறிவிடுகிறது. அறுவடைக் காலத்தை ஆராய வேண்டியவள் அடுத்த அறுவடைக்காக ஓராண்டு காத்திருக்க வேண்டும். தோழியரிடம் கடன் வாங்குகிறாள். பின்னர் அவர்களைக் காண நாணுகிறாள். மாலையில் பயிற்சி நிலையங்களில் பாடம் நடத்தச் செல்கிறாள். மொத்தமாக வந்து சேரும் நிலுவைத் தொகை கடனை அடைக்கும்; இழந்த பருவத்தை மீட்காது. வசதி படைத்த மாணவருக்குத் தாமதம் ஓர் எரிச்சல். அவளுக்கோ அது படிப்பை விட்டு வெளியேறும் வழி.

தாமதம் எங்கே நேர்கிறது? உதவித் தொகை நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தப்படும் முறை வந்த பின் இடைத்தரகு ஒழிந்தது; இது பாராட்டத்தக்க சீர்திருத்தம். ஆனால் தொகை வந்து சேர்வதற்கு முன், மாணவர் அம்மாதம் பணியில் இருந்தார் என்பதைப் பல்கலைக் கழக அலுவலர் ஒருவர் கணினித் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். மற்றோர் அலுவலர் அதனைச் சரிபார்த்து ஒப்புதல் அளிக்க வேண்டும். வழிகாட்டியின் கையொப்பம், துறைத் தலைவரின் கையொப்பம், பதிவாளர் அலுவலகத்தின் முத்திரை எனப் பல படிகள் அதற்கு முன் உண்டு. இவற்றுள் எந்த ஒரு படியில் தாள் தங்கினும் பணமும் தங்கும். 2022-இல் சில திட்டங்களின் நிருவாகம் மானியக் குழுவிடமிருந்து நிதி, வளர்ச்சிக் கழகங்களுக்கு மாறியது போன்ற மாற்றங்களின்போதும் இடைவெளி நேர வாய்ப்புண்டு. குற்றம் எவரொருவருடையதாகவும் இல்லாதபோதும், அதன் சுமை முழுவதும் மாணவர் ஒருவர் தோளிலேயே இறங்குகிறது.

வாயிலில் உள்ள தடைகள்

உதவித் தொகையைப் பெறுமுன் கடக்க வேண்டிய தடைகளையும் கருத வேண்டும். தேசியத் தகுதித் தேர்வின் வினாத்தாள்கள், மொழிப் பாடங்கள் நீங்கலாக, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைகின்றன. தாய்மொழி வழியில் வரலாறோ பொருளியலோ பயின்ற தமிழ், ஒடியா, அசாமிய மாணவர், பாடத்தை நன்கு அறிந்திருந்தும் வினாவின் மொழியில் தடுமாற நேரிடும். அவ்விடத்தில் அளக்கப்படுவது பாட அறிவா, மொழிப் பயிற்சியா என்னும் ஐயம் நியாயமானதே.

இளநிலை உதவித் தொகைக்கான வயது வரம்பு 30. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள், திருநங்கையர் முதலியோருக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. படிப்பை இடையில் நிறுத்திப் பணிக்குச் சென்று மீண்டும் வருவோருக்கு இத்தளர்வு பெரிதும் உதவுகிறது. 2024 ஜூன் 18 அன்று நடைபெற்ற தேர்வு மறுநாளே இரத்து செய்யப்பட்டு, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மீண்டும் நடத்தப்பட்டது. தொலைவிலுள்ள தேர்வு மையத்திற்குக் கூலி நாளை இழந்து, பயணச் செலவும் செய்து சென்ற ஏழை மாணவருக்கு இரண்டாம் முறை செல்வது எளிதன்று. தேர்வின் நம்பகத் தன்மையைக் காப்பதும் சமூக நீதியின் ஒரு கூறே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

2022 நவம்பரில் வெளியான முனைவர் பட்ட விதிமுறைகள் சில நன்மைகளைக் கொணர்ந்தன. ஆய்வுக் காலம் குறைந்தது மூன்றாண்டு, மிகுந்தது ஆறாண்டு என வகுக்கப்பட்டது. பெண்களுக்கும், நாற்பது விழுக்காட்டிற்கு மேல் குறைபாடுடைய மாற்றுத் திறனாளிகளுக்கும் மேலும் ஈராண்டு தளர்வு உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றிற்காக 240 நாள் வரை விடுப்பு பெறலாம். ஆனால் ஆய்வுக்கு ஆறு முதல் எட்டு ஆண்டு வரை இடமளிக்கும் விதி ஒருபுறமிருக்க, உதவித் தொகையோ ஐந்தாண்டில் முடிகிறது. ஆய்வேட்டை எழுதி முடிக்கும் கடைசிக் கட்டத்தில்தான் மாணவர் வெறுங்கையுடன் நிற்கிறார். 1917-இல் அம்பேத்கருக்கு நேர்ந்த இடர்ப்பாடு, வேறு வடிவில் இன்றும் தொடர்கிறது என்பதை இங்கு நினைவு கூரலாம்.

பட்டம் பெற்ற பின்னும் ஓர் இடைவெளி உண்டு. ஆய்வேடு அளித்த நாளுக்கும் நிலையான பணி கிடைக்கும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் கழியலாம். இவ்விடைவெளியைக் கடக்க உதவுவனவே முனைவர் பட்ட மேலாய்வு உதவித் தொகைகள். 2022-இல் மானியக் குழு அறிவித்த டாக்டர் இராதாகிருஷ்ணன் மேலாய்வு உதவித் தொகை, மாதம் ரூ.50,000 வீதம் 900 இடங்களைக் கொண்டது. முனைவர் பட்ட மாணவர்கள் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட ஒரு நாட்டில் இவ்வெண்ணிக்கை மேலும் பெருக வேண்டும்.

பணத்திற்கு அப்பால்

உதவித் தொகை பெற்றுவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்று எண்ணுவதும் பிழை. பேராசிரியர்களின் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கிடைக்கும் சில அறிவுரைகள் முதல் தலைமுறை மாணவருக்குக் கிடைப்பதில்லை. எந்த ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவது, கருத்தரங்கில் எவ்வாறு வினா எழுப்புவது, வழிகாட்டியுடன் கருத்து வேறுபாடு ஏற்பட்டால் அதனை எவ்வாறு தெரிவிப்பது ஆகியவை எந்தப் பாடத் திட்டத்திலும் இல்லை. கேட்டுத் தெரிந்து கொள்ளலாம் என்றாலோ, கேட்பதே தன் தகுதிக் குறைவைக் காட்டிவிடுமோ என்னும் அச்சம் நாவைக் கட்டிப் போடுகிறது.

நல்ல வழிகாட்டி ஒருவர் அமைந்துவிட்டால் இவ்வச்சம் ஓராண்டில் அகன்றுவிடும். அத்தகையோர் நம் பல்கலைக் கழகங்களில் பலர் உள்ளனர். ஆயினும் மாணவரின் எதிர்காலம் நல்லூழை நம்பியிருத்தல் ஆகாது. உதவித் தொகை பெற்று வருவோரை, தம் திறத்தால் தேர்ந்து வந்த ஆய்வாளராகக் கருதாமல் சலுகை பெற்று வந்தவராகக் கருதும் மனப்பான்மை சில இடங்களில் உண்டு. அம்மனப்பான்மை மாறாத வரையில், பணம் ஒழுங்காக வந்தாலும் மாணவர் ஒதுக்கப்பட்டவராகவே உணர்வார்.

மற்றொன்றும் கூறத்தக்கது. பல்வேறு பின்னணியைச் சேர்ந்தோர் ஆராய்ச்சிக்கு வருவதால் நன்மை பெறுவோர் அவர்கள் மட்டுமல்லர். ஆராய்ச்சியே நன்மை பெறுகிறது. காட்டு விளைபொருள்களின் பெயர்களைத் தாயிடமிருந்து கற்றவர் தாவரவியலுக்குள் நுழையும்போதும், மீனவக் குடும்பத்தினர் கடலியல் பயிலும்போதும், நெசவாளர் வீட்டுப் பெண் பொருளியல் ஆராயும்போதும், இதுவரை எவரும் கேட்டிராத வினாக்கள் கேட்கப்படுகின்றன. வினா புதிதாயின் விடையும் புதிதாகும்.

செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, உதவித் தொகை மாதச் சம்பளத்தைப் போலக் குறித்த நாளில் வந்து சேர வேண்டும். அலுவலக ஒப்புதல் தாமதமானால் தொகையை நிறுத்தி வைப்பதற்கு மாறாக, தொகையை வழங்கிவிட்டுப் பின்னர் சரிபார்க்கும் முறையை எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு பல்கலைக் கழகமும் இரண்டு மூன்று மாதத் தொகையை முன்பணமாக அளிப்பதற்கென ஒரு சுழல் நிதியை வைத்திருப்பின், மைய நிதி வரத் தாமதமாகும் காலத்திலும் மாணவரின் அடுப்பு அணையாது.

இரண்டாவதாக, உதவித் தொகையின் காலமும் பட்டத்திற்கு அனுமதிக்கப்பட்ட காலமும் பொருந்த வேண்டும். வழிகாட்டியும் குழுவும் பரிந்துரைக்கும் நேர்வுகளில், ஆய்வேடு எழுதும் கடைசி ஆண்டிற்கு ஒரு குறைந்த தொகையேனும் வழங்கலாம்.

மூன்றாவதாக, விலைவாசி உயர்வுக்கு ஏற்பத் தொகை தானாகவே உயரும் ஏற்பாடு தேவை. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை, கோரிக்கைகளுக்குப் பின் உயர்த்துவதைவிட இது சிறந்தது. மாதம் ரூ.8,000 பெறுவோரின் நிலை முதலில் கவனிக்கப்பட வேண்டும்.

நான்காவதாக, தகுதித் தேர்வின் வினாத்தாள்களை அட்டவணையிலுள்ள பிற மொழிகளிலும் படிப்படியாக அளிக்க வேண்டும்.

ஐந்தாவதாக, முதல் ஆண்டில் ஆங்கில எழுத்துப் பயிற்சி, ஆய்வு முறை, புள்ளியியல் ஆகியவற்றில் துணை வகுப்புகளும், குறை கேட்க நம்பத்தக்க அலுவலர் ஒருவரும் ஒவ்வொரு பல்கலைக் கழகத்திலும் இருத்தல் வேண்டும். எத்தனை பேருக்குத் தொகை வழங்கப்பட்டது என்பதோடு, அவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் இடையில் நின்றனர், ஏன் நின்றனர் என்பதையும் ஆண்டறிக்கைகள் தெரிவிக்க வேண்டும். திட்டத்தின் வெற்றியை அளக்கும் கோல் அதுவே.

இவற்றில் எதுவும் செயற்கரியது அன்று. 1944-இல் அயலார் ஆட்சியின்கீழ், சிறு தொகையுடன் தொடங்கிய ஒரு திட்டம் இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்களைத் தாங்கும் அமைப்பாக வளர்ந்துள்ளது. கட்டடம் எழுப்பப்பட்டுவிட்டது, அதன் கதவுகள் தடையின்றித் திறப்பதைக் காண்பதே எஞ்சியுள்ள பணி. எங்கோ ஒரு விடுதி அறையில், வங்கியிலிருந்து செய்தி வந்ததா என்று மாதத் தொடக்கத்தில் எதிர்பார்த்திருக்கும் மாணவி, தன் கவலையை மறந்து தன் ஆய்வை மட்டுமே எண்ணியிருக்கும் நிலை வருமாயின், அன்றுதான் இத்திட்டங்கள் தம் நோக்கத்தை நிறைவேற்றியவையாகும்.